கேம் கொம்பியூட்டர்: காசை எதில் போடுவது?

2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஐ எட்டியது. கிராபிக்ஸ் கார்ட் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத சாமானாகியது அப்போதுதான்.

மகனுக்குக் கேம் கொம்பியூட்டர் கேட்டு என் கடைக்கு வரும் வாப்பாமாருக்கு நான் காட்டுவது ரைசன் 5 5600ஜி. 2021 இல் வந்த புரொசசர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. ரேமை 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். 16 ஐ ஒற்றையாகப் போட்டால் கேம் இழுபடும். கிராபிக்ஸும் அந்த ரேமில்தான் ஓடுகிறது. கார்ட் பிறகு வாங்கலாம்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேசிங்கோடு வரும் மலிவுச் சப்ளை, கரண்ட் போய் வரும்போது மதர்போர்ட்டையும் கொண்டு போகலாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள காத்தான்குடியில் உப்புக்காற்று வேறு.

கலர் லைட் கேசிங்? கேம் அதனால் வேகமாக ஓடாது. நானும் விற்கிறேன்தான், லாபம் அதில்தான் கூட.