இருவரானால் எவர் அசல்?

ஒருவரின் உடலை அணு அணுவாக ஸ்கேன் செய்து, அதே அமைப்பைச் செவ்வாயில் உருவாக்கும் இயந்திரம் ஒன்றை, 1984இல் வெளியான தம் நூலில் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் கற்பனை செய்தார். பூமியிலுள்ள உடல் அழிந்துவிட்டால், ஸ்கேன் செய்யப்பட்டவர் பயணம் போனதாகவே தோன்றும். அழியாவிட்டால்? இருவருக்கும் ஒரே நினைவுகள், ஒரே பெயர், ஒரே மனைவி.

நினைவோடு கூடிய உணர்வின் தொடர்ச்சியே ஆளை நிர்ணயிக்கிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். அந்த விதி இங்கே சிக்கலாகிறது. இருவரும் முதலில் இருந்தவரே என்றால் இருவரும் ஒருவரே என்றாகும். ஆனால் செவ்வாயில் ஒருவர் காலை இடித்துக்கொண்டால் பூமியில் இருப்பவருக்கு வலிக்காது.

இது வெறும் கற்பனை விளையாட்டு அன்று; ஒருவர் இருவராகப் பிரிவதுபோன்ற நிலை மருத்துவத்திலும் எழுந்தது. கடும் வலிப்பைக் கட்டுப்படுத்த, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை சிலருக்கு வெட்டப்பட்டது. அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். பார்வையின் இடப்பக்கத்தில் ‘சாவி’ என்ற சொல் மின்னி மறைந்தால், ஒன்றும் தெரியவில்லை என்று வாய் சொல்லும். இடக்கையோ திரை மறைவில் துழாவிச் சாவியை எடுத்துவிடும். பேச்சை ஆளும் இடப்பாதிக்கு அந்தச் சொல் போய்ச் சேரவே இல்லை.

பார்ஃபிட்டின் விடை துணிச்சலானது: முக்கியம் அசல் யார் என்பதன்று, நினைவும் குணமும் நோக்கங்களும் தொடர்வதுதான். ஆனால் அவர் கதையின் ஒரு வடிவில், ஸ்கேனால் இதயம் பழுதாகிச் சில நாட்களில் இறக்கப்போகும் பூமி மனிதருக்கு அது ஆறுதலாகுமா என்பதில் தத்துவவாதிகள் இன்னும் உடன்படவில்லை.