இரண்டு நெட்வொர்க் ஒன்றாகும்போது: கைப்பேசிக்குப் பின்னால் நடக்கும் வேலை

நம் கைப்பேசி எண்ணின் முதல் மூன்று இலக்கங்களில் நாட்டின் தொலைத்தொடர்பு வரலாறு கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. 019 செல்கோம் நிறுவனத்தின் எண். 013 டெலிகோம் மலேசியாவின் டிஎம் டச் சேவைக்கு உரியதாக இருந்தது. 2003இல் அந்த இரண்டும் ஒன்றாயின. அதே ஆண்டில் 012 எண்ணை வைத்திருந்த மெக்சிஸ், 017 எண்ணின் டைம்செல்லை வாங்கியது. பிறகு 2022 நவம்பர் 30ஆம் தேதி செல்கோமும், 016 எண்ணின் டிஜியும் இணைந்து செல்கோம்டிஜி ஆயின. இரண்டு பக்கத்து வாடிக்கையாளர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 கோடிப் பேர்.

கடையின் பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் சர்வர்களை அப்படி மாற்ற முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் பல ஆண்டுகளாகத் தனித்தனியாக எழுதி வைத்த விதிகள், பெயர்கள், எண் பட்டியல்கள் அவற்றில் இருக்கின்றன. அவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவருவதுதான் இணைப்பின் கடினமான பகுதி. அதில் பிசகினால் தெப்ராவில் ஓடும் லோரியின் ஜிபிஎஸ் கருவி முதல் தாமானில் தனியாக இருக்கும் பாட்டியின் கைப்பேசி வரை நின்றுபோகலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

கேட்டும் ஜாகாவும்

சிம் அட்டைக்குள் ஓர் அடையாள எண் இருக்கிறது. அது நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் அல்ல. மலேசிய சிம் என்றால் அது 502 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்லும்: செல்கோமுக்கு 19, டிஜிக்கு 16, மெக்சிசுக்கு 12. சிங்கப்பூரின் எண் 525. தெப்ராவ் நீரிணை ஓரமாக நிற்கும்போது கைப்பேசி திடீரென்று 'ரோமிங்' என்று காட்டுகிறதே, அக்கரையிலிருந்து வரும் 525 அலைவரிசையை அது பிடித்துவிட்டது என்று பொருள்.

இணையத்தைத் திறந்தவுடன் கைப்பேசி இன்னொன்றையும் சொல்கிறது. எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும் என்ற பெயரை அது கொடுக்கிறது. இதைத்தான் செட்டிங்கில் ஏபிஎன் என்று பார்க்கிறோம். செல்கோம் வாடிக்கையாளர்கள் 'செல்கோம்3ஜி' என்றும், டிஜி வாடிக்கையாளர்கள் 'டிஜிநெட்' என்றும் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பதுதான் கேட்வே சர்வர், அதாவது நுழைவாயில். தோட்டத்து கேட்டில் ஜாகா புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். யார் வருகிறார், அனுமதி உண்டா, என்ன பேக்கேஜ், எவ்வளவு டேட்டா போனது என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்கிறது. கைப்பேசிக்கு ஓர் ஐபி எண்ணைக் கொடுத்து வெளியே விடுகிறது. இப்படிப்பட்ட வாசல்களும், அவற்றின் பெயர்களும் விதிகளும், வாடிக்கையாளர் பட்டியலும் சேர்ந்து ஒரு நிர்வாகத்துக்குள் இருப்பதை டொமைன் என்கிறார்கள்.

இரண்டு செக்ரோல், ஒரே ஆபீஸ்

இரண்டு தோட்டங்களை ஒரே நிர்வாகம் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேயும் ஒரு செக்ரோல், அங்கேயும் ஒரு செக்ரோல். இரண்டிலும் 45ஆம் எண் இருக்கிறது. கிராணி இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகத் தைத்துவிட்டால், 45ஆம் எண்ணின் சம்பளம் யாருக்குப் போகும்? நுழைவாயில் சர்வர்களை இணைக்கும்போதும் இதே சிக்கல் மூன்று வடிவங்களில் வருகிறது.

முதலாவது, ஐபி எண்கள் மோதுவது. நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள சில எண் வரிசைகளை 1996இல் வந்த இணைய விதி ஒதுக்கி வைத்தது. அதில் பெரியது 10 என்று தொடங்கும் வரிசை. ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம் எண்கள் அதில் உண்டு. அதை யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எண் இருந்தால் தொல்லையில்லை. வேலியை எடுத்த பிறகுதான் ஒரே எண்ணுக்கு இரண்டு கருவிகள் பதில் சொல்லத் தொடங்கும்.

இரண்டாவது, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது. இரண்டு சர்வர்களிலும் 'அளவில்லா டேட்டா' என்று ஒரு விதி இருக்கலாம். ஒன்றில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் குறையும், மற்றொன்றில் குறையாது. ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிட்டால், காசு கட்டியவர் காரணம் தெரியாமல் தவிப்பார்.

மூன்றாவது, வரிசை. இத்தகைய சர்வர்களில் விதிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் படித்து, முதலில் பொருந்துவதைச் செயல்படுத்துவது வழக்கம். 'பாடத் தளங்களை இலவசமாக விடு' என்பது முதலிலும், 'இருப்பு இல்லாதவரை நிறுத்து' என்பது அடுத்தும் இருந்தால், பிள்ளை பாடம் படிக்க முடியும். இரண்டும் இடம் மாறினால் முடியாது. ஒரு விதி கூடத் தொலையவில்லை, ஆனால் பலன் தலைகீழாகிவிட்டது.

அதனால்தான் நல்ல பொறியாளர்கள் முதலில் எதையும் இணைப்பதில்லை, பட்டியல்தான் போடுகிறார்கள். எது இரண்டு பக்கமும் ஒன்று, எது வேறு, எதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று பிரிக்கிறார்கள். மோதுவனவற்றுக்குப் புதிய எண்ணோ பெயரோ கொடுக்கிறார்கள். பழைய வாசலை மூடாமல் புதிய வாசலைப் பக்கத்தில் திறந்து, சிறு பகுதியாக ஆட்களை மாற்றுகிறார்கள். கோளாறு வந்தால் அன்றிரவே பழையபடி திரும்ப வழி வைத்திருக்கிறார்கள். பழைய வாசலின் பெயரைச் சொல்லி வருபவரையும் புதிய வாசல் ஏற்றுக்கொள்ளும்படி செய்யலாம். வாடிக்கையாளரின் கண்ணோட்டத்தில் இதுதான் மிக முக்கியமான ஏற்பாடு.

சத்தமில்லாமல் நின்றுபோகும் கருவிகள்

கைப்பேசியில் இணையம் நின்றால் உடனே தெரிந்துவிடும். தெப்ராவ் தொழிற்பேட்டையிலிருந்து கிளம்பும் லோரியின் ஜிபிஎஸ் கருவிக்கும், கடையின் கார்ட் மிஷினுக்கும், சிம் போட்ட சிசிடிவிக்கும் புகார் சொல்ல வாய் இல்லை. அவற்றுக்குள் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தொழில்நுட்பர் ஏபிஎன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பெயரை நெட்வொர்க் நீக்கிவிட்டால் கருவி பேசாமல் இருந்துவிடும். லோரி காணாமல் போகும் நாளில்தான் முதலாளிக்குத் தெரியும்.

2021ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் 3ஜி சேவை மூடப்பட்டதை இங்கே நினைவில் கொள்ளலாம். சிம் நன்றாகத்தான் இருந்தது, கட்டணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் 3ஜியை மட்டுமே அறிந்த பழைய கருவிகளுக்கு வாசல் அடைபட்டுவிட்டது.

எல்லாம் ஒன்றாக இருப்பதன் ஆபத்து

ஒரே டொமைன் என்றால் செலவு குறையும், பராமரிப்பு எளிது. ஆனால் பிழை நேர்ந்தால் அதுவும் எல்லா இடத்துக்கும் போகும். 2020 ஜூன் 15ஆம் தேதி அமெரிக்காவின் டி-மொபைல் நெட்வொர்க் 12 மணி நேரத்துக்கும் மேலாகத் தடுமாறியது. ஓர் ஒளியிழை இணைப்பு அறுந்தபோது, போக்குவரத்தை வேறு பாதைக்குத் திருப்ப வேண்டிய அமைப்பில் தவறான மதிப்பு இருந்தது. அங்கிருந்து நெரிசல் நாடு முழுவதும் பரவியது. குறைந்தது 23,621 அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை என்று அந்நாட்டுத் தொடர்பு ஆணையத்தின் அறிக்கை கூறியது. தடம் புரண்டது ஓர் எண் மதிப்பு. பாதிக்கப்பட்டவர்கள் உதவி கேட்டு அழைத்த மனிதர்கள். ஒன்றாக்கும் நிறுவனம், ஒரு பகுதியின் கோளாறு அடுத்த பகுதிக்குத் தாவாமல் தடுப்பதற்கும் செலவு செய்தாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

- கைப்பேசி செட்டிங்கில் உள்ள ஏபிஎன் பெயரை இப்போதே எழுதி வையுங்கள். இணையம் நின்றால் முதலில் கைப்பேசியை அணைத்துப் போடுங்கள், பிறகு அந்தப் பெயரைச் சரிபாருங்கள்.
- வியாபாரம் செய்பவர்கள் சிம் போட்ட எல்லாக் கருவிகளையும் பட்டியலிடுங்கள். எந்தக் கருவி, எந்த எண், எந்த ஏபிஎன், யார் பொறுத்தியது என்ற நான்கு விவரம் போதும்.
- சிம் மாற்றுவதற்கு முன் வங்கிக் கணக்கு எந்த எண்ணோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். டிஏசி எண் வராமல் போனால் இணையவழிப் பரிவர்த்தனை தடைபடலாம்.
- தோட்டத்திலோ தாமானிலோ தனியாக இருக்கும் பெரியவர்களின் கைப்பேசியை வாரம் ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.
- "கம்பெனி மாறிவிட்டது, சிம் நின்றுவிடும், டிஏசி எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டியுங்கள். எந்த நெட்வொர்க் இணைப்புக்கும் உங்கள் வங்கியின் டிஏசி எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997க்கு அழையுங்கள்.

சேவை திரும்பவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். 2008 முதல் எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமையும் நமக்கு இருக்கிறது. நிறுவனங்கள் ஒன்றாவது அவர்கள் முடிவு. வாசல் நமக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கேட்பது நம் பொறுப்பு.