ஜிசிசி இலவசம்தான்... ஆனா நீங்க டவுன்லோட் பண்ற கம்பைலரை தயாரிச்சது யார்? முழு விளக்கம்

சி, சி++ கத்துக்க ஆரம்பிக்கும் மாணவர்கள் முதல் நாளே செய்யும் வேலை, லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலரை இன்ஸ்டால் செய்வதுதான். கூகுளில் தேடினால் டவுன்லோட் லிங்க்குகள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே இலவசம், எல்லாமே ஓப்பன் சோர்ஸ்.

ஆனால் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஜிசிசியை உருவாக்கும் குழு, விண்டோஸுக்கான இன்ஸ்டால் ஃபைலை வெளியிடுவதே இல்லை. அப்படியென்றால் நாம் டவுன்லோட் செய்வது யார் தயாரித்தது? அதை நம்பலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

டூல்செயின் என்றால் என்ன?

நாம் எழுதும் புரோகிராம் கம்ப்யூட்டரின் பிராசஸருக்குப் புரியாது. அதற்குத் தெரிந்தது 0, 1 மட்டும்தான். நாம் எழுதியதை அந்த மொழிக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர்.

கம்பைலர் மட்டும் இருந்தால் போதாது. அசெம்பிளர், துண்டு துண்டாக இருக்கும் ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர், தயார் நிலையில் உள்ள லைப்ரரிகள், தவறு கண்டுபிடிக்க உதவும் டீபக்கர் எல்லாம் வேண்டும். ஒன்றின் வேலை முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். அதனால்தான் மொத்தமாக 'டூல்செயின்', அதாவது கருவிகளின் சங்கிலி என்கிறார்கள்.

ஜிசிசி ஏன் ரெடிமேடா கிடைக்கறதில்ல?

1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை முதன்முதலாக வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை அந்தக் குழு அதிகாரப்பூர்வமாகத் தருவது சோர்ஸ் கோடு மட்டுமே. சிம்பிளா சொன்னா, சமையல் குறிப்பு அவர்களுடையது. சமைத்துப் பரிமாறுவது வேறு ஆட்கள்.

லினக்ஸில் அந்த வேலையை டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற அமைப்புகளே செய்துவிடுகின்றன. ஒரே ஒரு கமாண்ட் போதும். மேக் கம்ப்யூட்டரில் கதையே வேறு. ஆப்பிள் தரும் டூல்களை இன்ஸ்டால் செய்துவிட்டு ஜிசிசி என்று டைப் செய்தாலும், உண்மையில் ஓடுவது கிளாங் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் கம்பைலர். இது எல்எல்விஎம் திட்டத்தைச் சேர்ந்தது.

விண்டோஸில்தான் சிக்கல். மிங்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்ற திட்டம் விண்டோஸுக்குத் தேவையான லைப்ரரிகளைத் தருகிறது. அதையும் ஜிசிசியையும் சேர்த்து, பில்டு செய்து, பேக் பண்ணி நம் கைக்குக் கொடுப்பது எம்எஸ்ஒய்எஸ்2, வின்லிப்ஸ் போன்ற தன்னார்வக் குழுக்கள். ஜிபிஎல் லைசென்ஸ்படி யார் வேண்டுமானாலும் இப்படி விநியோகிக்கலாம். சோர்ஸ் கோடையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை.

கம்பைலரை கம்பைல் பண்றது யார்?

கோழி முதலில் வந்ததா, முட்டை முதலில் வந்ததா என்ற கதைதான் இங்கேயும். ஜிசிசி எழுதப்பட்டிருப்பது சி++ மொழியில். அதை கம்பைல் செய்யவே ஒரு சி++ கம்பைலர் வேண்டும்.

அதனால் இதை மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பைலரை வைத்து புது ஜிசிசியை உருவாக்குவது முதல் கட்டம். அந்தப் புது ஜிசிசியை வைத்தே அதே சோர்ஸ் கோடை மறுபடி கம்பைல் செய்வது இரண்டாவது. அதில் கிடைத்ததை வைத்து இன்னொரு முறை செய்வது மூன்றாவது. கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வித்தியாசம் இருந்தால், எங்கோ தப்பு என்று அர்த்தம்.

1984-ல் எழுந்த கேள்வி

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சியுடன் சேர்ந்து 1983-க்கான டூரிங் விருதைப் பெற்றார். அவரது விருது உரை 1984-ல் வெளியானது. அதில் அவர் விளக்கிய விஷயம் பலரையும் அதிர வைத்தது.

ஒரு கம்பைலரில் ரகசிய வேலை ஒன்றைச் செய்து வைக்கலாம். லாகின் புரோகிராமை கம்பைல் செய்யும்போது, அதில் திருட்டு வாசல் ஒன்றைச் சேர்த்துவிடும். கம்பைலரையே மறுபடி கம்பைல் செய்யும்போது, இந்த ரகசியத்தையும் சேர்த்தே புதிய கம்பைலருக்குள் வைத்துவிடும். பிறகு சோர்ஸ் கோடில் இருந்து அந்த வரிகளை அழித்துவிட்டாலும், ரகசியம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். சோர்ஸை வரி வரியாகப் படித்தாலும் ஒன்றும் தெரியாது!

நிஜத்திலும் நடந்ததா?

இதே பாணியில் ஒரு தாக்குதல் 2015-ல் நடந்தது. சீனாவில் ஆப்பிளின் எக்ஸ்கோட் டூலை டவுன்லோட் செய்ய அதிக நேரம் பிடித்ததால், சில டெவலப்பர்கள் ஃபைல் பகிரும் தளத்தில் இருந்த காப்பியை எடுத்துப் பயன்படுத்தினர். அது திருத்தப்பட்ட காப்பி. அதில் உருவான ஆப்களுக்குள் எல்லாம் தீங்கான கோடு தானாகவே புகுந்தது. வீசாட் ஆப்பின் ஒரு வெர்ஷனும் தப்பவில்லை. 'எக்ஸ்கோட்கோஸ்ட்' என்று பெயர் பெற்ற இந்தச் சம்பவத்தில், ஆப் எழுதியவர்களுக்கே தங்கள் ஆப்பில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்தது 2024 மார்ச். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் திருட்டு வாசல் இருப்பது அம்பலமானது. இது கம்பைலர் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். எல்லோரும் பார்க்கும் பொது சோர்ஸ் கோடில், தாக்குதலைத் தொடங்கி வைக்கும் முக்கியமான பகுதி இல்லவே இல்லை. விநியோகத்துக்காக பேக் செய்யப்பட்ட ஃபைலில் மட்டும் இருந்தது. லாகின் ஆக சுமார் அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர்தான் இதைக் கண்டுபிடித்தார்.

இதற்கு என்ன தீர்வு?

'ரீப்ரொடியூசிபிள் பில்டு' என்ற முறை இப்போது வளர்ந்து வருகிறது. ஒரே சோர்ஸ் கோடை, ஒரே மாதிரியான செட்டிங்கில், வேறு வேறு ஆட்கள் வேறு வேறு கம்ப்யூட்டர்களில் பில்டு செய்தாலும் ஒரு பிட் கூட மாறாத ஃபைல் கிடைக்க வேண்டும். டெபியன் 2013 முதல் இதற்காக உழைத்து வருகிறது. இப்படி வந்துவிட்டால், ஒருவர் இடையில் எதையாவது செருகினால் மற்றவர்களின் ஃபைலோடு பொருந்தாமல் மாட்டிக்கொள்வார்.

ஆனால் எல்லோரும் கெட்டுப்போன ஒரே கம்பைலரைப் பயன்படுத்தினால்? டேவிட் வீலர் 2009-ல் தனது முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு வழி சொன்னார். தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரை வைத்துப் பில்டு செய்து, முடிவுகளை ஒப்பிடுவதுதான் அந்த வழி. குனு கைக்ஸ் திட்டம் 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. வெறும் 357 பைட் அளவுள்ள குட்டி புரோகிராமில் தொடங்கி, படிப்படியாக ஜிசிசி வரை பில்டு செய்து காட்டியது.

வார்னிங் வந்தா வைரஸா?

விண்டோஸும் மேக்கும் சில இன்ஸ்டால் ஃபைல்களைத் திறக்கும்போது எச்சரிக்கை காட்டும். டிஜிட்டல் கையெழுத்து இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மேக்கில் அதற்கான டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம். தன்னார்வலர்கள் பலருக்கு இது சுமைதான். அதனால் வார்னிங் வந்தாலே வைரஸ் என்று அர்த்தமில்லை. வராவிட்டால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை. கையெழுத்து சொல்வது ஃபைலைக் கொடுத்தவர் யார் என்பதை மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அல்ல.

டவுன்லோட் செய்யும் முன் என்ன பார்க்கணும்?

* கூகுளில் முதலில் வரும் லிங்க்கை கிளிக் செய்யாதீங்க. ஜிசிசியின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே, பைனரி தரும் குழுக்களின் பட்டியல் இருக்கிறது. அங்கிருந்து போவது நல்லது.

* நண்பரின் பென் டிரைவ், டெலிகிராம் குரூப், வீடியோவுக்குக் கீழே இருக்கும் டிரைவ் லிங்க் வேண்டாம். எக்ஸ்கோட்கோஸ்ட் பரவியது இப்படிப்பட்ட காப்பியால்தான்.

* தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 எண் கொடுத்திருந்தால், ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்க. விண்டோஸில் இருக்கும் சர்ட்யூட்டில் என்ற டூலே அதைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் தளமே ஹேக் ஆனால் அந்த எண்ணையும் மாற்றிவிடலாம். எனவே டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் அதையும் சரிபார்ப்பது இன்னும் பாதுகாப்பு.

* எப்படி பில்டு செய்தோம் என்ற ஸ்கிரிப்டையும் வெளியிடும் குழுவைத் தேர்ந்தெடுங்க. எம்எஸ்ஒய்எஸ்2 அப்படி வெளியிடுகிறது.

சோர்ஸ் கோடு திறந்திருப்பது பாதி வழிதான். அந்த சோர்ஸில் இருந்துதான் இந்த ஃபைல் வந்தது என்று யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க முடியும்போதுதான் மீதி வழியும் திறக்கிறது.