இரத்த அழுத்தம்: அளக்கும் முறையும் அளவின் பொருளும்

மக்கள் நலத் திட்டம் எதுவாயினும் அதற்கு அடிப்படை அளவீடே. அளவு பிழையானால் மதிப்பீடு பிழையாகும். மதிப்பீடு பிழையானால் செலவும் வீணாகும். இவ்வுண்மையை இரத்த அழுத்தத்தைப் போலத் தெளிவாக உணர்த்தும் துறை வேறொன்று இருத்தல் அரிது.

பெங்களூரில் இயங்கும் தேசிய நோய்த் தகவலியல் ஆராய்ச்சி மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நிறுவனமாகும். தொற்றா நோய்கள் குறித்து 2017-18-இல் நாடு தழுவிய ஆய்வொன்றை இம்மையம் ஒருங்கிணைத்து நடத்தியது. 18 முதல் 69 வயது வரை உள்ளோரில் 28.5 விழுக்காட்டினருக்கு மிகை இரத்த அழுத்தம் இருப்பதாக அது கண்டது. அவர்களுள் தம் நிலையை அறிந்திருந்தோர் 27.9 விழுக்காடு, சிகிச்சை பெற்றோர் 14.5 விழுக்காடு, அழுத்தம் கட்டுக்குள் இருந்தோர் 12.6 விழுக்காடு மட்டுமே.

இவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன? மேல் அளவு 140 மி.மீ. அல்லது கீழ் அளவு 90 மி.மீ. எல்லையை எட்டியோர் மட்டுமன்றி, அதற்கென மருந்து உட்கொள்வோரும் இக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். காரணம் எளிது. மருந்தினால் 128-க்கு இறங்கிய ஒருவர் நோயற்றவர் அல்லர், நோய் அடங்கியவர். கருவி காட்டும் எண்ணை மட்டும் கொண்டு கணக்கிட்டிருந்தால், கட்டுக்குள் இருந்தோர் விடுபட்டு, 28.5 விழுக்காடு ஏறத்தாழ 25-ஆகக் குறைந்திருக்கும். சிகிச்சை வெற்றி பெறும் அளவுக்கு நோயே குறைந்துவிட்டதாகத் தோன்றும். மருந்துக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கலாம் என்ற தவறான முடிவுக்கும் அது வழிகோலும்.

உடல் நிலையின் விளைவு

அழுத்தத்தை இதயத்தின் மட்டத்தில் அளப்பதே மரபு. கைப்பட்டை சுற்றிய இடம் அம்மட்டத்திற்குக் கீழே இருந்தால், இடைப்பட்ட இரத்தத் தம்பத்தின் எடை அளவோடு சேர்ந்துகொள்கிறது. மேலே இருந்தால் கழிந்துவிடுகிறது. 10 செ.மீ. உயர வேறுபாடு ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. மாற்றத்தை உண்டாக்கும். இது வெறும் இயற்பியல் விதி.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. கையை மேசை மீது தாங்கி வைத்து எடுத்த அளவோடு ஒப்பிடுகையில், கையை மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4 மி.மீ. கூடுதலாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 மி.மீ. கூடுதலாகவும் காட்டியது. உண்மையில் 135 உள்ள ஒருவர், கையைத் தொங்கவிட்ட காரணத்தாலேயே 141 பெற்று நோயாளிகளின் பட்டியலில் இடம்பெறக்கூடும்.

முதுகுக்குச் சாய்மானம் இன்மை, கால் மேல் கால் போடுதல், பேசிக்கொண்டிருத்தல், சிறுநீரை அடக்கி வைத்திருத்தல், கைப்பட்டை சிறியதாக இருத்தல் ஆகிய அனைத்தும் அளவை உயர்த்துவன. அளப்பதற்கு முந்தைய அரை மணியில் அருந்திய காப்பியும், புகைத்த சிகரெட்டும் அவ்வாறே.

இங்குப் புள்ளியியல் மாணவர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்னும் பின்னுமாகத் தற்செயலாக நேரும் பிழைகள் பலரது சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மேற்கூறியவையோ ஒரே திசையில் சாய்பவை. எத்தனை ஆயிரம் பேரை அளந்தாலும் இச்சாய்வு நீங்காது.

மருந்தின் விளைவு

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் உடலின் கீழ்ப்பகுதியில் தேங்குகிறது. நரம்பு மண்டலம் உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் காக்கிறது. முதியோரிடத்தும், பிரசோசின் போன்ற மருந்துகளையோ சிறுநீர்ப் பெருக்கிகளையோ உட்கொள்வோரிடத்தும் இக்காவல் தளரக்கூடும். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. குறைந்தால் அது கவனத்திற்குரியது. உட்கார்ந்து எடுத்த அளவை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால், அம்முதியவர் எழும்போது தலைசுற்றி விழுந்து எலும்பு முறிய நேரலாம். ஆகவே இத்தகையோரை நிற்கவைத்தும் அளப்பது தேவையாகும்.

அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளும் உள. ஐபுபுரூஃபென் போன்ற வலி நிவாரணிகள், மூக்கடைப்பு நீக்கும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், சில கருத்தடை மாத்திரைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். நம் வீடுகளில் இருமலுக்கு வழங்கும் அதிமதுரமும் மிகுதியாகத் தொடர்ந்து உட்கொண்டால் அழுத்தத்தை ஏற்றும்.

மருந்து உண்ட நேரமும் கருதத்தக்கது. அம்லோடிபின் நெடுநேரம் செயல்படுவது; ஒரு வேளை தவறினாலும் அளவு உடனே மாறிவிடாது. குளோனிடினைத் திடீரென நிறுத்தினாலோ அழுத்தம் துள்ளி எழும். "உண்மையான அளவு தெரியட்டும்" என்று சோதனை நாளன்று தாமாகவே மருந்தைத் தவிர்ப்பது தவறான வழக்கமாகும்.

செய்ய வேண்டுவன

2025-ஆம் ஆண்டுக்குள் மிகை அழுத்தமோ நீரிழிவோ உள்ள 7.5 கோடி பேரை முறையான சிகிச்சையின்கீழ்க் கொண்டுவரும் இலக்கை மைய அரசு 2023 மே 17-இல் அறிவித்தது. இத்தகைய இலக்குகளின் பயன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் எழுதும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அவ்வெண் செம்மையாக அமையப் பெரும் முதலீடு தேவையில்லை. சாய்மானமுள்ள நாற்காலி, கை தாங்கும் உயரத்தில் ஒரு மேசை, இரு அளவுகளிலேனும் கைப்பட்டைகள், ஐந்து நிமிட ஓய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளத்தல் ஆகியன போதும். பதிவேட்டில் உடல் நிலை, அளந்த நேரம், உட்கொள்ளும் மருந்துகள், கடைசியாக மருந்து உண்ட நேரம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

வரிசை நீண்டிருக்கும் நிலையத்தில் ஐந்து நிமிட ஓய்வு எளிதன்று என்பது மெய்யே. ஆயினும், தேவையற்ற ஒருவருக்கு ஆயுள் முழுதும் மருந்து வழங்கும் செலவையும், தேவையுள்ள ஒருவரைத் தவறவிட்டுப் பின்னர்ப் பக்கவாதத்திற்குச் சிகிச்சையளிக்கும் செலவையும் எண்ணிப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடமே மிக மலிவானது என்பது விளங்கும்.