மருத்துவ சீட்டும் பழைய பதிவுகளும்

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர், ‘நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான ‘ஆம்காஸ்’ விண்ணப்பத்தில் அதற்கு இடைவெளியும் சேர்த்து 5,300 கேரக்டர்தான் இடம். மாதக்கணக்கில் எழுதுவார்கள், அடிப்பார்கள், பேராசிரியரிடம் காட்டி மறுபடி எழுதுவார்கள். அதே மாணவர் பள்ளிக் காலத்திலிருந்து இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் போட்டுவைத்ததை யாரும் திருத்திக் கொடுத்ததில்லை. கல்லூரியில் யாரேனும் அவர் பெயரை கூகுளில் தட்டினால், அதுவும் கண்ணில் படும்.

தமிழ்நாட்டில் இந்தக் கவலைக்கு வேலையில்லை. நீட் மதிப்பெண், தரவரிசை, இடஒதுக்கீடு, கவுன்சலிங் என்று முடிந்துவிடும். நீட் வருவதற்கு முன்பு, வேலூர் சி.எம்.சி. நேர்காணல் வைத்து ஆளையும் பார்த்தது. அமெரிக்காவில் 528-க்கு நடக்கும் எம்கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும் அது வாசல் வரைக்கும்தான். பரிந்துரைக் கடிதங்கள், மருத்துவமனைத் தொண்டு, நேர்காணல் எல்லாவற்றையும் வைத்து, ‘இவரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாமா’ என்று எடைபோடுகிறார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், ‘எவ்வளவு மார்க்?’ என்று கேட்கும் ஊர்ச் சொந்தங்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் சிரமப்படுகிறார்கள்.

எல்லாக் கல்லூரிகளும் விண்ணப்பதாரரின் பக்கங்களைத் தேடிப் போவதில்லை. ஆனால், ஒரு பதிவு வெளியே வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2017-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் சேரவிருந்த குறைந்தது 10 பேரின் இடத்தைத் திரும்பப் பெற்றது. பாலியல் வன்கொடுமையையும் யூதப் படுகொலையையும் கேலிசெய்யும் மீம்களை அவர்கள் பகிர்ந்தது ஒரு தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில். ‘நம்ம ஆளுங்க மட்டும்தானே இருக்காங்க’ என்ற நம்பிக்கை அங்கே உதவவில்லை. கிளீவ்லாந்து கிளினிக்கில் 2018-ல் சேர்ந்த ஒரு பயிற்சி மருத்துவர் சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். யூதர்களுக்கு வேண்டுமென்றே தவறான மருந்து கொடுப்பேன் என்று பல ஆண்டுகளுக்கு முன்பு அவர் ட்விட்டரில் எழுதியிருந்தார். இதைச் சின்ன வயது விளையாட்டு என்று எந்த மருத்துவமனையாலும் ஒதுக்கிவிட முடியாது. அந்த வார்டில் படுக்கப்போவது யாரோ ஒருவரின் அம்மா.

இனி ஒரு படத்தைப் பார்ப்போம். 2010 நவம்பர், கன்சாஸ் மாநிலம். நர்சிங் மாணவி ஒருவர் கோட்டும் கையுறையும் அணிந்து, தட்டில் வைத்திருந்த நஞ்சுக்கொடியின் மேல் குனிந்து சிரிக்கிறார். படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. அவரையும் உடனிருந்த மூவரையும் கல்லூரி நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். அந்தப் படத்தில் நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை. 2011 ஜனவரியில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் வென்றார் என்பது உண்மை. ஒரு படத்துக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் முன்பே மாணவர்கள் தொண்டராகவும், ஆம்புலன்ஸ் உதவியாளராகவும், டாக்டர் சொல்வதைக் குறித்துத் தரும் எழுத்தராகவும் நோயாளிகளின் பக்கத்தில் போய்விடுகிறார்கள். முதல் நாள் செல்ஃபியில் அவர்கள் முகம் மட்டும் விழுவதில்லை. பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையில் நோயாளியின் பெயர், படுக்கை எண், கணினித் திரையில் ஒரு ரிப்போர்ட் எல்லாம் விழும். நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாக்கும், 1996-ல் வந்த ‘ஹிப்பா’ சட்டத்தின் கீழ் மருத்துவமனையின் பணியாளர் என்பதில் தொண்டர்களும் அடக்கம். 2009-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பதிலளித்த 78 மருத்துவக் கல்லூரிகளில் 47, தங்கள் மாணவர்கள் தொழிலுக்குப் பொருந்தாத பதிவுகளைப் போட்டதாகச் சொல்லின. நோயாளியின் ரகசியம் வெளியானதும் அவற்றில் உண்டு.

அதற்காக வாழ்க்கையையே அழித்துவிட வேண்டுமா? தேவையே இல்லை. ரத்தநாள அறுவை சிகிச்சைக்கான ஓர் ஆய்விதழில், இளம் மருத்துவர்களின் பக்கங்களைப் போலிக் கணக்குகள் வழியே ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. நீச்சலுடைப் படத்தைக்கூட ‘தொழில் நெறிக்குப் பொருந்தாதது’ என்ற வகையில் அது சேர்த்திருந்தது. 2020 ஜூலையில் உலகம் முழுவதும் பெண் மருத்துவர்கள் ‘மெட்பிகினி’ ஹேஷ்டேக்குடன் கடற்கரைப் படங்களைப் போட்டுக் கொதித்தெழ, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் கோபம் நியாயமானது. கடற்கரையில் ஒரு பெண் என்ன உடுத்தினாள் என்பதற்கும் அவள் நோயாளியை எப்படி நடத்துவாள் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. டென்னசி பல்கலைக்கழகத்தில் தன் பதிவுகளுக்காக விசாரிக்கப்பட்ட மருந்தியல் மாணவி ஒருவரும் வழக்காடி, 2025-ல் 2,50,000 டாலர் இழப்பீட்டுடன் சமரசம் கண்டார். கல்லூரிகளும் எல்லை மீறுவதுண்டு.

ஆக, துடைக்க வேண்டியது எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று பிரிப்பதுதான் வேலை. விண்ணப்பம் திறக்கும் மே மாதத்துக்கு முன்பே, லாகின் செய்யாத பிரவுசரில் சொந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். படங்கள் பகுதியையும், பள்ளிக் காலத்துப் புனைபெயர்களையும் விட்டுவிடக் கூடாது. நண்பர்கள் டேக் செய்தவற்றுக்கு அனுமதி கேட்கும் வசதியை இயக்கலாம். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றவும் வழியுண்டு. நோயாளி சம்பந்தப்பட்டதும், ஒரு சாதியையோ மதத்தையோ இனத்தையோ இழிவுபடுத்துவதும் முதலில் போக வேண்டும். பாட்டு, கிரிக்கெட், கல்யாணக் குத்தாட்டம் எல்லாம் தாராளமாக இருக்கட்டும்.

பெயர் மறைத்த கணக்கு இன்னொரு கண்ணி. எம்கேட் மதிப்பெண், மாநிலம், நேர்காணல் தேதி மூன்றையும் எழுதி ஒரு கல்லூரியைத் திட்டினால், அதே மூன்று தகவலும் அந்தக் கல்லூரியின் கோப்பில் இருக்கும். நேர்காணல் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று பல இடங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கேள்விகளை அப்பா பெருமையாக வாட்ஸ்அப்பில் பகிர்வதும் அதில் சேரும்.

ஏதாவது ஒரு பதிவுக்காக முன்பு படித்த கல்லூரி நடவடிக்கை எடுத்திருந்தால், அதைச் சொல்ல ஆம்காஸ் விண்ணப்பத்திலேயே தனிக் கேள்வி இருக்கிறது. அங்கே நடந்ததை நடந்தபடி எழுதி, அதன் பிறகு என்ன மாறியது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிய வந்தால், கிடைத்த இடமும் போய்விடலாம்.