கணப்பின் ஆயுள்

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாத அதிகாலையில் புல்நுனியெல்லாம் உறைபனி பூத்து நிற்கையில், ஹில் கிளப்பிலும் பழைய துரைமார் பங்களாக்களிலும் எரியும் கணப்புகள், இக்காலக் குளிர்சாதனப் பெட்டி சுமார் 15 ஆண்டுகளில் ஜீர்ணமாகிவிட, தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. அசையும் உறுப்பு எதுவுமின்மையே காரணம். கரியைத் துடைத்து, உதிர்ந்த சாந்தைப் பூசிவந்தால் போதும். ஈர விறகே பரம சத்துரு, அதன் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து, பின்னர் தீப்பற்றக்கூடும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பிராவின் மண்ணடுப்போ, மெழுகமெழுகப் புதிதாகும். ஆனால் புகைபோக்கியற்ற அறையில், கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு எரிந்தெழும் புகை, கூரைத் தகரத்தைக் கருக்குவதோடு, மழையில் கொழுந்தெடுத்துத் திரும்பி, நனைந்த கம்பளியை அடுப்போரம் உலர்த்தும் தாயின் நெஞ்சையும் அரிக்கின்றது. மலையகத்தில் வீடு கட்டித்தர முன்வருவோரே, அடுப்பங்கரைக்கு முதலில் ஒரு புகைபோக்கி வையுங்கள்.