கால் எங்கே முடிகிறது?

கொச்சியின் மேற்கே, தோப்பும்படியைத் தாண்டினால் பள்ளுருத்தி. அங்கே ஒரு நோயாளி "காலினு வேதன" என்று சொன்னால் போதும்; அவர் தொட்டுக் காட்டும் இடத்தை நர்ஸ் பார்த்துக்கொள்வார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கால் வரை எல்லாமே மலையாளத்தில் கால்தான். தமிழிலும் அப்படியே. அதே நர்ஸ் பிரிட்டனுக்கு வேலைக்குப் போனால் சிக்கல் ஆரம்பம். கணுக்காலுக்கு மேலே 'லெக்', கீழே 'ஃபுட்'. தோளிலிருந்து மணிக்கட்டு வரை 'ஆர்ம்', அதற்கப்புறம் 'ஹேண்ட்'.

வெறும் சொல் விளையாட்டு அல்ல இது. முன்கையில் அடிபட்டவருக்கு 'ஹேண்ட்' என்று சீட்டில் எழுதிவிட்டால், எக்ஸ்ரே விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைதான் எடுக்கப்படும். எலும்பு முறிவு படத்துக்கு வெளியே நின்றுவிடும். விரல்கள் இன்னும் மோசம். 'மூன்றாவது விரல்' என்றால் கட்டைவிரலைச் சேர்த்தா, சேர்க்காமலா? ஆங்கிலேயர்களுக்கே இதில் குழப்பம் உண்டு. கை விரல்களை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறிக்க வேண்டும் என்று டாக்டர்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

'கை' என்ற ஒரே சொல்லால் சமாளிப்பது தென்னிந்தியர்களின் குறை அல்ல. 2005-இல் வெளியான உலக மொழி அமைப்புகளின் அட்லஸ் 617 மொழிகளை ஒப்பிட்டது. அவற்றில் 228 மொழிகளில் ஹேண்டுக்கும் ஆர்முக்கும் ஒரே சொல்தான்.

கேரள நர்சுகளுக்கு ஆங்கிலம் புதிதும் அல்ல. அவர்கள் படித்த பாடமே ஆங்கிலத்தில். 'டிபியா', 'ஆக்ஸில்லா', 'அப்டமன்' எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வராதது வீட்டு ஆங்கிலம். லிவர்பூல் பாட்டி எவரும் டிபியா வலிக்கிறது என்று சொல்லமாட்டார், 'ஷின்' என்பார். அக்குள் அவருக்கு 'ஆர்ம்பிட்', வயிறு 'டம்மி'. அவர் சொல்லும் 'டெம்பிள்' கோயில் அல்ல, நெற்றிப்பொட்டு. 'காஃப்' கன்றுக்குட்டி அல்ல, கெண்டைக்கால். (காலில் கன்றா என்று சிரிக்க வேண்டாம், தமிழில் அதே இடத்தில் மீன் இருக்கிறது!) மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வை பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017 முதல் ஏற்கிறது. அதன் பேச்சுப் பகுதியில் நர்ஸ் நோயாளியுடன் உரையாடிக் காட்ட வேண்டும். லத்தீன் மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

பக்கத்து மொழியே காலை வாரிவிடும். பெண் நோயாளிக்குத் 'தாடியில்' காயம் என்று கொச்சியில் சொன்னால் தமிழர் திகைப்பார். மலையாளத்தில் மோவாய்க்கும் அதே பெயர். 'சுண்டு' என்றால் உதடு.

இதே சிக்கலை எதிர்த்திசையிலிருந்து சந்தித்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்கர், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். ஆங்கில உடற்கூற்று நூலை அவர் தமிழாக்கியது 1872-இல் வெளிவந்தது. பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'.

அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது கேசாதிபாதம். தெய்வத்தை முடி முதல் அடி வரை பாடும் அந்த மரபு கேரளத்துக்கும் பழக்கமானது. நாராயணீயம் முடிவதே அப்படித்தான். நர்சிங்கில் நோயாளியைத் தலையிலிருந்து தொடங்கிப் பரிசோதிக்கும் முறைக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்: 'ஹெட் டு டோ'. என்ன, அது பாதத்தோடு நிற்காமல் கால்விரல் வரை போகிறது. அந்த விரலையும் 'ஃபிங்கர்' என்று சொல்லிவிடக் கூடாது.